பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்…

கேள்வி: குழுவை மியூட் செய்தும், யாராவது என்னை டேக் செய்தால் போன் அடிக்கிறது. திறந்தால் வெறும் ‘எல்ஓஎல்’. இதற்கெல்லாமா கூப்பிடுவார்கள்?

பதில்: கூடாது என்பதுதான் என் கட்சி. ‘எல்ஓஎல்’ மேல் எனக்குக் கோபமில்லை. ‘வாய்விட்டுச் சிரிக்கிறேன்’ என்ற பொருளில் 2011-இல் ஆக்ஸ்போர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது. ஆனால் ‘அட்’ (@) குறி போட்டுப் பெயர் எழுதுவது தோளைத் தொட்டுக் கூப்பிடுவது போல. 1971-இல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் மின்னஞ்சலில் அதை வைத்ததே, ஆளையும் அவருடைய கணினியையும் பிரித்துக் காட்டத்தான். அப்பா மருத்துவமனையில் இருந்த வாரம், இரவு 2 மணிக்கு என் பெயரோடு போன் சிணுங்கியது. கை நடுங்க எடுத்தேன். ஒரு மீம்! மறுநாள் அனுப்பியவரிடம் தனியாகச் சொன்னேன், புரிந்துகொண்டார். நீங்களும் குழுவில் வேண்டாம், தனியாகவே சொல்லுங்கள்.