எம்பிராய்டரி மெஷின் கேள்வி-பதில்: டென்ஷன் நாப்பில் கை வைக்கும் முன்

கேள்வி: துணியின் மேல்பக்கத்தில் வெள்ளை பாபின் நூல் (அடி நூல்) தெரிகிறது. ஏன்?

பதில்: மேல் நூல் ரொம்ப டைட்டாக இருக்கலாம், அல்லது பாபின் லூஸாக இருக்கலாம். முதலில் பாபின் கேஸைக் கழற்றி, நூல் ஸ்பிரிங்குக்கு அடியில் போயிருக்கிறதா என்று பாருங்கள். அது வழுக்கி வெளியே வந்திருந்தால், மேலே எதைத் திருகினாலும் வெள்ளை மறையாது.

கேள்வி: கிராம் கணக்கில் டென்ஷன் (நூலின் இறுக்கம்) அளக்கும் கேஜ் அவசியமா?

பதில்: அவசியம். வாங்குங்கள்.

கேள்வி: புது கோன் (நூல் கண்டு) மாட்டியதிலிருந்து துணிக்கு அடியில் நூல் கூடு கட்டுகிறது. டென்ஷன் நாப்பை (மேல் நூலை இறுக்கும் திருகை) எத்தனை சுற்று இறுக்க வேண்டும்?

பதில்: சுற்றுக்கணக்கு கேட்டு யாராவது எழுதாத மாதமே இல்லை. என்ன நூல், என்ன ஊசி, எல்லா ஊசியிலும் இப்படியா ஒன்றில் மட்டுமா, எதையும் நீங்கள் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் சுற்றுக்கணக்கு சொல்ல முடியாது. ஒரு ஹெட்டில் (ஊசிகள் இருக்கும் தையல் தலையில்) இரண்டு சுற்றில் கிடைக்கும் பிடிப்பு, பக்கத்து ஹெட்டில் நாலு சுற்று கேட்கும். ஸ்பிரிங்குகள் ஒரே மாதிரி தேய்வதில்லை.

அடியில் நூல் குவிந்தால் கோளாறும் அடியில்தான் என்று தோன்றும். பெரும்பாலும் மேல் நூலில் பிடிப்பே இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம். கோன் மாற்றும்போது நூல், அதை அழுத்திப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் இறங்காமல் ஓரத்திலேயே நின்றிருக்கும். நூலை இரு கையாலும் பிடித்து, தட்டுகளுக்குள் இப்படியும் அப்படியும் இழுத்து உட்கார வையுங்கள். பிறகு ஊசிப் பக்கமிருந்து இழுத்தால் கையில் எதிர்ப்பு தெரிய வேண்டும். உங்கள் சிக்கல் அநேகமாக இங்கேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால், முதலில் பாபின், அப்புறம்தான் நாப். பாபின் கேஸ் ஸ்பிரிங்குக்கு அடியில் விசிட்டிங் கார்டு முனையை விட்டுப் பிசிறை எடுங்கள். துளி பிசிறு போதும், ஸ்பிரிங் தூக்கிக்கொண்டு பாபின் லூஸாகிவிடும். கேஸை நூலில் தொங்கவிட்டால் அப்படியே நிற்க வேண்டும். லேசாகச் சுண்டினால் ஓரிரு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். கேஜில் 20 கிராம் வாக்கில் காட்டும். அதோடு பாபினை விட்டுவிடுங்கள்.

மேல் நூலுக்கு இப்போது வரலாம். 40 எண் பாலியஸ்டர் நூல் என்றால் சுமார் 120 கிராம், ரேயான் என்றால் கொஞ்சம் குறைவு. ஐந்து மில்லிமீட்டர் அகலச் சாட்டின் பட்டை (நெருக்கமான குறுக்குத் தையல்) ஒன்றை ஒவ்வொரு ஊசியிலும் தைத்துத் துணியைத் திருப்புங்கள். நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளை இருந்தால் சரி. வெள்ளை குறைந்தால் மேல் நூலை இறுக்குங்கள், கூடினால் தளர்த்துங்கள். கால் சுற்று திருப்பி, தைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னொரு கால் சுற்று.

இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்பவர்களைப் பார்த்தால் எனக்குத் தாங்குவதில்லை. மேலே இறுக்குவார்கள், அதற்கு ஈடாகப் பாபினை இறுக்குவார்கள், மறுபடி மேலே. கடைசியில் பட்டை நடுவில் வெள்ளை சரியாகத்தான் விழும். ஆனால் துணி சுருங்கும், நூல் அறுந்துகொண்டே இருக்கும், பழி நூல் கம்பெனி மேல் விழும். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் போதாது. இரண்டுமே தளர்வான பக்கத்தில் சமமாக இருக்க வேண்டும்.

கேள்வி: 15 ஊசி மெஷினில் ஏழாவது ஊசியில் மட்டும் நூல் அறுகிறது. ஹூக் டைமிங் (அடியில் மேல் நூலைப் பிடிக்கும் கொக்கி ஊசியோடு சேரும் நேரம்) பார்க்கச் சொல்லவா?

பதில்: வேண்டாம். ஹூக்கும் பாபினும் 15 ஊசிக்கும் பொது. அங்கே கோளாறு என்றால் எல்லா ஊசியும் அழும். ஏழாம் ஊசியை மாற்றுங்கள், ஊசியின் பள்ளம் பின்பக்கம் பார்த்து முழுதாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அந்தக் கோனை எட்டாம் ஊசிக்கு மாற்றுங்கள். அறுப்பும் கூடவே போனால் நூல் கெட்டது. ஏழிலேயே நின்றால் அந்த நூல் போகும் வழியில் டென்ஷன் தட்டு, செக் ஸ்பிரிங் (நூல் தொய்வை இழுக்கும் சிறு ஸ்பிரிங்), நூல் நுழையும் கண்ணி என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கேள்வி: பாபின் தீரும் நேரத்தில் தையல் இறுகுகிறதே?

பதில்: பாபினில் நூல் குறையக் குறைய இழுக்க அதிக விசை வேண்டும், அதனால்தான். காந்தம் வைத்த பாபினில் இது வெகுவாகக் குறையும். அதைப் போட்டால் பாபின் தானாகச் சுழலாமல் கேஸுக்குள் தடுக்கும் ஸ்பிரிங்கை எடுத்துவிடுங்கள், கிராமையும் புதிதாக அளந்து வையுங்கள்.

கேள்வி: எங்கள் மெஷினில் நாப் டென்ஷன் இல்லை, நூலை அதுவே அளந்து கொடுக்கிறது. தொப்பி தைத்தால் நூல் இறுகுகிறது.

பதில்: அந்த வகை மெஷின் தையலின் நீளத்தையும், நீங்கள் கொடுத்த துணித் தடிமனையும் வைத்தே நூல் விடுகிறது. தொப்பி தடிமனானது. பனியன் துணிக்கு வைத்த எண்ணிலேயே தைத்தால் நூல் போதாது. எண்ணைக் கூட்டுங்கள், நூல் கூடுதலாக வரும். தானியங்கி முறையில் விட்டிருந்தால் தடிமனின் கீழ் வரம்பை உயர்த்துங்கள். இந்த மெஷினுக்கும் சொல்கிறேன்: முதலில் பாபின். அது தப்பாக இருந்தால் எந்த எண்ணும் உதவாது.

கேள்வி: ஜரி நூல் நிமிடத்துக்கு நிமிடம் அறுகிறது.

பதில்: 75/11 அளவு ஊசியில் ஓட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். 80/12 அல்லது 90/14 போடுங்கள், வேகத்தை நிமிடத்துக்கு 500–600 தையலுக்கு இறக்குங்கள், மேல் டென்ஷனை நன்றாகத் தளர்த்துங்கள். கோனை எட்ட வையுங்கள், நூலின் சுருள் பிரிந்து வரும். டிசைனில் அடர்த்தியைக் குறைக்கச் சொல்லுங்கள். சாதா நூலுக்குப் போட்ட டிசைன் ஜரிக்கு ஒத்துவராது.

கேள்வி: மெஷின் சரியாகத் தைக்கவில்லை. என்ன செய்வது?

பதில்: தைத்த துணியின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து, நூல், ஊசி எண், வேகம், பாபின் கிராம் நான்கையும் எழுதி அனுப்புங்கள்.