கேமரா சென்சாரில் தூசி: எந்தக் கருவியை வாங்குவது?

லென்ஸ் மாற்றும்போது கேமராவுக்குள் போகும் தூசி, படத்தைப் பதிவு செய்யும் சென்சாருக்கு முன்னால் உள்ள மெல்லிய கண்ணாடி வடிகட்டியில் உட்கார்ந்துவிடும். இதைத்தான் சென்சார் தூசி என்கிறோம். எஃப்/16, எஃப்/22 என்று (எண் கூடக்கூடத் துளை சிறிதாகும்) லென்ஸின் துளையைச் சுருக்கினால் ஒளி ஒடுங்கி வரும், தூசியின் நிழல் கூர்மையாக விழும். வெறும் வானத்தை எடுத்துப் பார்த்தால் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும்.

முதலில் வாங்க வேண்டியது கையால் அமுக்கும் ரப்பர் புளோயர். கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து ஊதினால் பெரும்பாலும் அதிலேயே வேலை முடிந்துவிடும். டப்பாவில் அடைத்த காற்று வேண்டவே வேண்டாம். டப்பாவுக்குள் இருக்கும் திரவம் தெறித்துக் கறை படியும்.

ஊதியும் போகாத தூசிக்குத்தான் ஸ்வாப், அதாவது நுனியில் மெல்லிய துணி சுற்றிய தட்டையான துடைப்பான். அதன் அகலம் சென்சாரின் உயரத்துக்குப் பொருந்த வேண்டும்: பெரிய சென்சாரான ஃபுல் ஃபிரேமுக்கு 24 மி.மீ., அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சிக்கு 16 மி.மீ. அதற்கான திரவத்தில் ஓரிரு சொட்டு விட்டு மெதுவாக ஒரே இழுப்பு, அப்புறம் ஸ்வாப்பைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஊதாமல் நேரே துடைப்பது, மணல் ஒட்டிய மூக்குக்கண்ணாடியைத் துணியால் தேய்ப்பது போல, கீறல் விழும்.

புள்ளி தெரிந்ததும் பலர் லென்ஸைத் துடைக்கிறார்கள், ஆனால் லென்ஸின் முன்பக்கத் தூசி படத்தில் இப்படிக் கூர்மையான புள்ளியாக விழாது.