அடிமனையிலிருந்து தொடங்க வேண்டும்: டெல்டாவில் ஏழைகளின் வீட்டு வசதி குறித்த கேள்வி பதில்

தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களின் ஊராட்சி ஒன்றியங்களில் ஓவர்சியராகத் தொடங்கி, உதவிப் பொறியாளராக ஓய்வு பெற்றவன் நான். அரசு வீடுகளுக்கு அளவெடுத்து அளவுப் புத்தகத்தில் எழுதியதிலேயே பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. குறைந்த வருவாய் உள்ளவர்கள் வீடு பெற ஊராட்சியும் நகராட்சியும் என்ன செய்ய முடியும் என்று டெல்டா மாவட்டங்களிலிருந்து பலர் கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த அளவில் விடை எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் பாத்திரப் பட்டறைத் தொழிலாளி ஒருவர்: இருபது ஆண்டுகளாக வாடகை வீட்டில் இருக்கிறேன். ஊர் மாநகராட்சி ஆன பிறகு வாடகை ஏறியதே தவிர வேறொன்றையும் நான் காணவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு மாநகராட்சி வீடு கட்டித் தரக் கூடாதா?

ஐயா, வீடு கட்டித் தருவது மாநகராட்சியின் நேரடி வேலை அன்று. நகரங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கட்டுவது தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021இல் பெயர் மாறியது அதுதான். ஆனால் அதைச் சொல்லி மாநகராட்சி விலகிக்கொள்ளவும் முடியாது. நகரத் திட்டமிடலும் குடிசைப் பகுதி மேம்பாடும் நகர்ப்புற வறுமை ஒழிப்பும் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் வழியே வந்த பன்னிரண்டாம் அட்டவணையில், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத் தக்க பொறுப்புகளாக இடம்பெற்றுள்ளன.

குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் சாலையும் எந்தப் பக்கம் போகின்றனவோ அந்தப் பக்கம் மனை விலை ஏறும். வசதியுள்ளவர்கள் குடியேறிய நகர்களுக்கே முதலில் குழாய் போட்டால், எளியவர்கள் தண்ணீரும் வடிகாலும் இல்லாத ஓரத்துக்குத் தள்ளப்படுவார்கள். நகருக்குள் எந்தெந்த அரசு நிலம் பயனின்றிக் கிடக்கிறது என்று கணக்கெடுத்து, வாரியத்துக்குக் கொடுக்கும்படி மன்றத்தில் தீர்மானம் போடுவதும் மாநகராட்சியால் முடிந்த காரியமே. குடியிருப்பு ஊருக்கு எட்டு மைல் தள்ளிப் போனால், பட்டறைக்கு வந்துபோகும் பேருந்துச் செலவே இன்னொரு வாடகையாகிவிடும். ஆகவே வீடு கிடைக்குமா என்பதோடு, அது எந்த இடத்தில் கிடைக்கும் என்பதையும் உங்கள் வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள்.

2024இல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்கு உட்பட்டு, நாட்டில் எங்கும் சொந்தக் கல்வீடு இல்லாதவர்கள் தம் மனையில் வீடு கட்டிக்கொள்ள மானியம் உண்டு. ஆனால் அதற்கு மனை வேண்டும். உங்களுக்கு மனை இல்லை என்பதால், வாரியக் குடியிருப்பில் ஒதுக்கீடு கேட்டு விண்ணப்பிப்பதே வழி.

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி: வாய்க்கால் கரையில் என் மாமனார் காலத்திலிருந்து குடிசை போட்டிருக்கிறோம். வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு, குடும்ப அட்டை எல்லாம் இருக்கின்றன. பட்டா இல்லை என்று கலைஞர் கனவு இல்லம் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். இது நியாயமா?

அம்மா, உங்கள் கேள்விதான் டெல்டாவின் வீட்டுப் பிரச்சினைக்கே அடித்தளம். குடிசைகளுக்குப் பதில் கல்வீடு கட்ட மாநில அரசு பணம் தரும் கலைஞர் கனவு இல்லம் திட்டம், ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் என்று 2024இல் அறிவிக்கப்பட்டது. 2030க்குள் எட்டு லட்சம் குடிசைகளை மாற்றுவது இலக்கு. ஆனால் அந்தப் பணம் மனைப் பட்டாவின் மேல்தான் வந்து இறங்கும். வீட்டு வரி ரசீது நீங்கள் அங்கே குடியிருப்பதற்குச் சான்றாகுமே தவிர, நிலம் உங்களுடையது என்பதற்குச் சான்றாகாது.

புறம்போக்கில் இரண்டு வகை உண்டு. ஆட்சேபணையற்ற புறம்போக்கு என்றால், வரன்முறைப்படுத்திப் பட்டா வழங்க இடமிருக்கிறது. வாய்க்கால், ஏரி, குளம், ஆற்றுப் படுகை ஆகியவை ஆட்சேபணைக்குரியவை. அங்கே பட்டா கொடுக்க வட்டாட்சியரால் இயலாது. நீதிமன்றங்களும் இதில் உறுதியாக நிற்கின்றன. தண்ணீர் ஓட வேண்டிய கரை அது என்பதும் உண்மை. ஆனால் உங்கள் மாமனார் விரும்பியா அங்கே போய்க் குடியிருந்தார்? ஊரின் மேட்டு நிலமெல்லாம் மிராசுதார்களிடமும் கோயில்களிடமும் மடங்களிடமும் இருந்த காலத்தில், உழைப்பவர்களுக்கு மிஞ்சியது கரையும் களத்துமேடும்தான். பண்ணையாரின் இடத்தில் குடியிருந்தவர்களுக்கு வீடு நிற்கும் நிலமான அந்த அடிமனையையே சொந்தமாக்கிய குடியிருப்பு உரிமைச் சட்டம் 1971இல் வந்தது. கீழவெண்மணியில் 44 உயிர்கள் எரிக்கப்பட்டு மூன்றாண்டு கூட நிறையாத காலம் அது. அந்தச் சட்டம் எத்தனையோ குடும்பங்களைக் கரையேற்றியது. ஆனால் அது தனியார் நிலத்தில் குடியிருந்தவர்களுக்கானது. வாய்க்கால் கரையில் இருந்தவர்களுக்கு அது உதவவில்லை.

ஆகவே "இருக்கும் இடத்துக்குப் பட்டா கொடுங்கள்" என்று கேட்டால் மனு திரும்பி வரும். "மாற்று இடத்தில் இலவச வீட்டுமனைப் பட்டா கொடுங்கள்" என்று கேட்க வேண்டும். இதில் ஊராட்சிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. கீழே மீண்டும் வருகிறேன்.

மயிலாடுதுறையிலிருந்து ஒருவர்: கோயில் இடத்தில் அடிமனை வாடகை கட்டி மூன்று தலைமுறையாக இருக்கிறோம். எங்களுக்குப் பட்டா கிடைக்குமா?

கிடைக்காது என்று சொல்வதே நேர்மை. கோயில் சொத்தை உரிய அனுமதியின்றி விற்பதோ மாற்றுவதோ இந்து சமய அறநிலையத் துறைச் சட்டத்தின் 34ஆவது பிரிவின்படி செல்லாது. நகராட்சி இதில் தலையிட முடியாது. வாடகை ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். நியாய வாடகை அதிகம் என்று தோன்றினால் துறையிடம் முறையிடுங்கள்.

தஞ்சையிலிருந்து ஓர் இளைஞர்: புறவழிச்சாலை அருகே வயலாக இருந்த இடத்தில், சதுர அடி விலை குறைவு என்று மனை வாங்கினேன். இப்போது அங்கீகாரம் இல்லாத மனை என்று வீட்டுக்கு வரைபட அனுமதி மறுக்கிறார்கள்.

தம்பி, முதலில் பத்திரத்தின் தேதியைப் பாருங்கள். 20.10.2016க்கு முன் பதிவான மனையாக இருந்தால் 2017ஆம் ஆண்டு வரன்முறை விதிகளின்கீழ் வாய்ப்பு உண்டு. அதற்குப் பின் புதிதாகப் பிரித்த மனைக்கு அந்தச் சலுகை பொருந்தாது. நன்செய் நிலத்தை வீட்டுமனையாக மாற்ற மாவட்ட ஆட்சியரின் இசைவு தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. ஒரு வயலைத் தூர்த்தால் அடுத்த பத்து வயல்களின் வடிகால் அடைபடும். ஐப்பசி அடைமழையில் அந்தத் தண்ணீர் உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

விலை குறைந்த மனை என்பதாலேயே எளியவர்கள் இதில் சிக்குகிறார்கள். முறையான மனைப்பிரிவில் அவர்களுக்கு இடம் இருந்தால் இந்த நிலை வராது. ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலாக உள்ள பரப்பில் நூற்றுக்குப் பத்துப் பங்கைப் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான மனைகளாக ஒதுக்கும் ஏற்பாடு விதிகளில் இருக்கிறது. அந்த மனைகள் உண்மையில் யாருக்கு விற்கப்பட்டன என்று உள்ளாட்சி அமைப்புகள் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

அங்கீகரித்த மனை வைத்திருப்பவர்களுக்கு நல்ல செய்தி ஒன்று உண்டு. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டச் சுயசான்று அடிப்படையில் உடனடி அனுமதி பெறும் முறை 2024 ஜூலையில் வந்தது.

ஒரத்தநாடு ஒன்றியத்தின் முன்னாள் ஊராட்சி வார்டு உறுப்பினர்: வீடு ஒதுக்கியும் பலர் அடித்தளத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஏன்?

பணம் முன்பணமாக வருவதில்லை. வேலை முடிந்த கட்டத்துக்குத்தான் பணம் கேட்கும் பட்டியல் (பில்) போடப்படும். முதல் கட்டத்தை எட்டவே கையில் காசு வேண்டும். அது இல்லாதவர்தான் குடிசையில் இருக்கிறார். கந்து வட்டிக்கு வாங்கி அடித்தளம் போட்டுவிட்டு, பட்டியல் தாமதமாகும் நாளெல்லாம் வட்டி கட்டியவர்களை நேரில் கண்டிருக்கிறேன். ஊராட்சி அளவிலான மகளிர் குழுக் கூட்டமைப்பின் வழியே குறைந்த வட்டிக் கடனை முன்கூட்டியே ஏற்பாடு செய்த ஊர்களில், வீடுகள் கூரை மட்டத்தைத் தொட்டன.

இன்னொரு காரணம் நம் மண். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்து, மழையில் ஊறிப் பருக்கும் களிமண்ணில், மேட்டுப்பாங்கான ஊருக்குப் போட்ட மதிப்பீடு போதாது. குழியை ஆழப்படுத்தி மணல் நிரப்ப வேண்டும். தரைமட்டத்தை உயர்த்த மண் அடிக்க வேண்டும். 360 சதுர அடி வீட்டுக்குக் கூட வண்டி வண்டியாக மண் போகும். அந்தச் செலவைப் பயனாளியே சுமக்கிறார்.

நான் அளவெடுத்த ஒரு வீட்டில் தரைமட்டம் சாலையைவிட ஒன்றரை அடி உயரம் வைத்திருந்தோம். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அந்தத் தெருவுக்குப் போனேன். பழைய தாரைச் சுரண்டாமலே மேலே மேலே சாலை போட்டிருந்தார்கள். வீட்டின் வாசற்படி சாலைக்குக் கீழே இருந்தது. சுவரில் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர்க் கறை. கதவடியில் மூன்று வரிசைச் செங்கலைச் சிமெண்டு வைத்துத் தடுப்பாகக் கட்டியிருந்தார் அந்த அம்மா. பழைய தளத்தைச் சுரண்டிவிட்டுச் சாலை போடும்படி ஊராட்சியும் ஒன்றியமும் ஒப்பந்ததாரரை வற்புறுத்தினாலே, கட்டிய வீடுகள் காப்பாற்றப்படும்.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு மீனவர்: சுனாமிக்குப் பிறகு கொடுத்த வீட்டில் இப்போது மூன்று குடும்பங்கள் இருக்கிறோம். கம்பி துருப்பிடித்துக் கூரை பெயர்ந்து விழுகிறது.

26.12.2004க்குப் பிறகு, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீட்டை இழந்தவர்களை உள்ளே தள்ளிக் குடியமர்த்தியபோது, ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு என்றுதான் கணக்கிட்டார்கள். பிள்ளைகள் வளர்ந்து மணமுடித்து வாழும் காலத்துக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிப்பதும் எதிர்பார்த்திருக்க வேண்டியதே. பழுது பார்க்கும் பொறுப்பு ஊராட்சியின் தலையில் விழுகிறது. அதற்குரிய நிதி அதனிடம் இல்லை. தனிக் குடும்ப அட்டை பெற்ற மகன்களைத் தனிப் பயனாளிகளாகக் கணக்கெடுக்கும்படி கிராம சபையில் பதிவு செய்யுங்கள். கூரையின் நிலை பற்றி ஒன்றியப் பொறியாளரிடம் எழுத்தில் அறிக்கை கேளுங்கள். அந்தத் தாள் இல்லாமல் மேலே எவரும் அசைய மாட்டார்கள்.

நீடாமங்கலம் பக்கத்து அம்மா மீண்டும்: மாற்று மனை கேட்க வேண்டும் என்றீர்கள். யாரிடம், எப்படிக் கேட்பது?

தனி ஆளாகப் போக வேண்டாம், அம்மா. கரையில் இருக்கும் எல்லாக் குடும்பங்களின் பெயர்களையும் குடும்ப அட்டை எண்ணோடு ஒரே பட்டியலாக எழுதுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் ஊரின் நிலக் கணக்கான 'அ' பதிவேட்டைப் பார்த்து, ஊரில் குடியிருப்புக்கான நத்தமாகவோ ஆட்சேபணையற்ற புறம்போக்காகவோ எந்தப் புல எண் காலியாக இருக்கிறது என்று கேளுங்கள். புல எண்ணைக் குறிப்பிட்ட மனுவுக்கும் பொதுவாக எழுதிய மனுவுக்கும் இருக்கும் வித்தியாசத்தை என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். அந்த எண்ணோடு, "மேற்கண்ட குடும்பங்களுக்கு இவ்விடத்தில் வீட்டுமனைப் பட்டா வழங்கப் பரிந்துரைக்கப்படுகிறது" என்று கிராம சபையில் தீர்மானம் எழுத வையுங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. அடுத்தது எந்த நாளோ அதற்கு முன்பே பட்டியல் தயாராக இருக்கட்டும். காலியான புறம்போக்கு இல்லாத ஊராக இருந்தால், தனியார் நிலத்தை விலைக்கு வாங்கி மனை பிரித்துக் கொடுக்கும்படி கேளுங்கள். ஆதிதிராவிடர் நலத் துறை அவ்வாறு வாங்கிக் கொடுத்திருக்கிறது.

மனை கிடைக்கும்வரை கரையிலிருந்து அகற்ற வந்தால், தீர்மானத்தின் நகலையும் மனுவையும் காட்டி, மாற்றிடம் கொடுத்த பிறகே காலி செய்வோம் என்று எழுத்திலேயே தெரிவியுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்ததும், பதிவு எண்ணைக் கையில் வாங்காமல் ஊருக்குப் பேருந்து ஏற வேண்டாம்.