கஷ்டம் எப்போது பலமாகும்? மனநல ஆலோசகரின் பதில்கள்

கேள்வி: குரூப் 4 தேர்வில் மூன்றாம் முறையும் தவறிவிட்டேன் அண்ணா. "பட்டால்தான் புத்தி வரும்" என்கிறார் அப்பா. கஷ்டப்பட்டால் மனம் உறுதியாகும் என்பது உண்மையா? (தேனி)

பதில்: பாதி உண்மை, தம்பி. சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றி அமைத்துக்கொள்கிறது என்று ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வுல்ஃப் 1892-இல் எழுதினார். எடையே தெரியாத விண்வெளியில் வீரர்களின் இடுப்பெலும்பு மாதத்துக்கு ஏறக்குறைய 1 சதவீத அடர்த்தியை இழக்கிறது. ஆனால், ஓய்வில்லாமல் அணிவகுப்புப் பயிற்சி எடுக்கும் புதிய படைவீரர்களுக்கு அதே எலும்பில் விரிசல் விழுவதும் உண்டு. சுமையை இறக்கிவைத்த பிறகு, உடல் தன்னைச் சீர்செய்யும் வேளையில்தான் பலம் ஏறுகிறது. மனத்துக்கும் அந்த இடைவெளியைக் கொடுக்க வேண்டும்.

ஆகவே கொஞ்ச நாள் புத்தகத்தைத் தொடாதீர்கள். பிறகு வினாத்தாளையும் விடைக்குறிப்பையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். 200 கேள்விகளில் தவறியவற்றை மூன்றாகப் பிரியுங்கள்: படிக்காதது, படித்தும் குழம்பியது, நேரமில்லாமல் அவசரத்தில் குறித்தது. "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற எண்ணத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. "25 திறனறிவுக் கணக்குகளில் 11 தவறு" என்று தெரிந்தால் நாளைக் காலையே வேலையைத் தொடங்கலாம். அந்தத் தாளை அப்பாவிடமும் காட்டுங்கள்.

கேள்வி: கணவர் குடிக்கிறார். எட்டு வயது மகள் தினமும் சண்டையைப் பார்க்கிறாள். அவள் வாழ்க்கை வீணாகிவிடுமா? (திருப்பூர்)

பதில்: வீணாகும் என்று எழுதிவைத்திருக்கவில்லை, அம்மா. ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னரும் சக ஆய்வாளர்களும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, பெற்றோரின் குடி, குடும்பச் சண்டை எனப் பல சிக்கல்களுக்கு நடுவே வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தன்னம்பிக்கையும் பரிவும் உள்ள மனிதர்களாக உருவானார்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு துணை இருந்தது: நிலையாக அன்பு காட்டிய பாட்டியோ, சித்தியோ, ஆசிரியையோ.

இதைச் சொல்லிக் "கஷ்டம் பிள்ளையை வளர்க்கும்" என்று யாராவது சமாதானம் செய்தால் எனக்குக் கோபம் வருகிறது. மீதி இரண்டு பங்குப் பிள்ளைகளை அவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. மகளுக்கு அந்த ஒருவர் நீங்களாக இருங்கள். உங்களுக்கும் ஒருவர் வேண்டும், பிறந்த வீட்டில் பேசுங்கள். கணவர் கை ஓங்கினால் பெண்கள் உதவி எண்ணான 181-ஐ அழையுங்கள்.

கேள்வி: நேர்முகத் தேர்வு என்றாலே நெஞ்சு படபடக்கிறது.

பதில்: அட்ரினலின் சுரப்பதால் வரும் படபடப்பு அது, பேசத் தொடங்கியதும் பெரும்பாலும் தணியும். நண்பரை எதிரே உட்காரவைத்து வாய்விட்டுப் பதில் சொல்லிப் பழகுங்கள்.

கேள்வி: மேலாளர் எல்லார் முன்னிலையிலும் திட்டுகிறார். பொறுத்துக்கொண்டால் பக்குவம் வருமா?

பதில்: வராது. முடிவு தெரியாத, உங்கள் கையிலும் இல்லாத அழுத்தம் உடலைத்தான் கெடுக்கும். நடந்ததைத் தேதியுடன் எழுதிவையுங்கள், வேறு வேலையும் தேடுங்கள்.

கேள்வி: கடையை மூடி ஆறு மாதமாகிறது. தூக்கமில்லை, பசியில்லை. காலம் சரிசெய்யும் என்று காத்திருக்கிறேன். (மதுரை)

பதில்: இனியும் காத்திருக்காதீர்கள் ஐயா. இரண்டு வாரம் இப்படி நீடித்தாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். இன்றே அழையுங்கள், கடன் விவரத்தை வீட்டில் மறைத்திருந்தால் அதையும் இன்றே சொல்லிவிடுங்கள்.