எந்த கேபிள் வாங்கலாம்? வாசகர் கேள்விகள்

டிவிக்குப் படமும் ஒலியும் கொண்டுபோகும் ஹெச்டிஎம்ஐ கேபிளில், தங்கமுலாம் பூசிய 3,000 ரூபாய் கேபிள் போட்டால் 4கே டிவியில் படம் பளிச்சென்று இருக்கும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

வாங்காதீர்கள். தங்கமுலாம் முனை துருப்பிடிக்காமல் இருக்கத்தான்; அதனால் படத்தின் நிறம் கூடிவிடாது. டிஜிட்டல் சிக்னல் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டால் 300 ரூபாய் கேபிளிலும் அதே படம்தான். சேராவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் மினுக்கும், திரை ஓரிரு நொடி கறுத்து மீளும். உறையில் பெரிதாக '8கே' என்று போட்டிருந்த கேபிள் ஒன்றை நானும் வாங்கினேன். 4கே 60 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 60 முறை படம் மாறுவது) இருட்டான காட்சி வந்தாலே புள்ளிகள். 30 ஹெர்ட்ஸுக்கு இறக்கியதும் புள்ளிகள் நின்றுவிட்டன.

'ஹெச்டிஎம்ஐ 2.1 கேபிள்' என்று கேட்டும் வாங்காதீர்கள். அந்த எண் கருவியில் உள்ள போர்ட்டுக்கானது. கேபிளுக்குத் தரப்பெயர்தான் உண்டு. 4கே 60 ஹெர்ட்ஸ் போதுமென்றால் பிரீமியம் ஹை ஸ்பீட், நொடிக்கு 18 ஜிகாபிட். 4கே 120 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் அல்ட்ரா ஹை ஸ்பீட், 48 ஜிகாபிட். அல்ட்ராவின் பெட்டியில் கியூஆர் குறியோடு சான்று லேபிள் இருக்கும். கடையிலேயே ஸ்கேன் செய்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

என் மானிட்டர் 144 ஹெர்ட்ஸ். 60தான் வருகிறது. ஏன்?

மாடல் எது, எந்த கேபிள் என்று எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? முதலில் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 144 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்தீர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான். அப்படியும் வராவிட்டால் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு (கணினியை மானிட்டரோடு இணைக்கும் இன்னொரு வகை இணைப்பு) மாறுங்கள். 1440பி (2560×1440 புள்ளி) 144 ஹெர்ட்ஸுக்கு 2010இல் வந்த டிஸ்ப்ளேபோர்ட் 1.2 பதிப்பே போதும்.

லேப்டாப்பின் டைப்-சி போர்ட்டிலிருந்து டிவிக்குப் படம் வருமா?

எல்லா டைப்-சியிலும் வீடியோ வராது. போர்ட் அருகே டிஸ்ப்ளேபோர்ட் அல்லது தண்டர்போல்ட் (மின்னல்) குறி இருக்கிறதா பாருங்கள். குறி இல்லையென்றால் கையேட்டைப் படியுங்கள். கேபிள் வாங்குவது அதற்கப்புறம்.

டிவிஐ என்ற பழைய வகை போர்ட் உள்ள மானிட்டரை ஹெச்டிஎம்ஐயில் இணைக்கலாமா?

சாதாரண அடாப்டரே போதும். ஒலிக்குத் தனி வழி பார்க்க வேண்டியிருக்கும்.

டிஸ்ப்ளேபோர்ட்-ஹெச்டிஎம்ஐ கேபிளைத் திருப்பிப் போடலாமா?

முடியாது. ஹெச்டிஎம்ஐயிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போக, மின்சாரம் எடுத்து இயங்கும் கன்வெர்ட்டர் வேண்டும்.

சுவருக்குள் 15 மீட்டர் ஹெச்டிஎம்ஐ இழுக்கிறோம். எது நல்லது?

ஆப்டிகல் ஹெச்டிஎம்ஐ, அதாவது ஒளியிழை வழியே சிக்னல் போகும் கேபிள். செம்புக் கம்பி இந்தத் தூரத்துக்கு 4கேயில் தடுமாறும். ஆப்டிகலில் எந்த முனை டிவிக்கு, எந்த முனை செட்-டாப் பாக்ஸுக்கு என்று குறித்திருக்கும். மாற்றிப் போட்டால் படமே வராது. மறுபடியும் சொல்கிறேன், லேபிளை ஸ்கேன் செய்யாமல் வாங்காதீர்கள். வாங்கிய கேபிளைத் தரையில் போட்டு ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு பைப்புக்குள் விடுங்கள். வெறும் சுவரில் வைத்துப் பூசிவிடாதீர்கள்.