சிறிய ஃபிரேம் சைக்கிளில் பயணச் சுமை: சீட்டுக்கு அடியில் இடம் தேடாதீர்கள்

கேள்வி: என் உயரம் 152 செ.மீ. மிகச் சிறிய அளவு ஃபிரேம் கொண்ட, மண்பாதையிலும் ஓடும் கிராவல் சைக்கிள் வைத்திருக்கிறேன். டயர் 700x40; அலுமினியம் ஃபிரேம், கார்பன் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் இரட்டைக் கால்), கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார். நான்கு நாள் பயணத்துக்காகச் சீட்டின் பின்னால் நீண்டிருக்கும் 14 லிட்டர் பை ஒன்றை வாங்கினேன். அதை நிரப்பிக் கட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தால் பின் டயரில் உரசுகிறது. சீட்டின் அடிக்கம்பிக்கும் டயருக்கும் இடையே 12 செ.மீ. தான் இருக்கிறது. சீட்டைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சக்கரங்களைச் சற்றுச் சிறிய 650பி அளவுக்கு மாற்றுங்கள் என்கிறார் கடைக்காரர். எதைச் செய்வது?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். அந்தப் பையையும் இந்தச் சைக்கிளில் கட்டாதீர்கள்; திருப்பிக் கொடுக்க முடியுமானால் கொடுத்துவிடுங்கள். உங்களுக்குத் தேவை பின்சக்கரத்தின் மேல் பொருத்தும் எடை குறைந்த ஒரு கேரியர். அதை ஏன் முதலிலேயே உங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டால், கேரியர் பழங்காலத்துப் பொருள் என்றும் சீட் பைதான் புதுமை என்றும் ஒரு எண்ணத்தை விற்பனையாளர்கள் வளர்த்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் என் பதில்.

முதலில் அந்த 12 செ.மீ. எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். 700 அளவுச் சக்கரத்தின் ரிம்மில் டயர் அமரும் இடத்தின் விட்டம் 622 மி.மீ. இரு பக்கமும் 40 மி.மீ. டயரைக் கூட்டினால் 702 மி.மீ. ஆகிறது, அதாவது டயரின் உச்சி தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. ஓட்டுபவர் குட்டையானவராக இருந்தாலும் நெட்டையானவராக இருந்தாலும் இந்த 70 மாறுவதில்லை; சீட்டின் உயரம் மட்டுமே காலின் நீளத்துக்கு ஏற்ப மாறுகிறது. உங்கள் சீட்டின் அடிக்கம்பி தரையிலிருந்து 82 செ.மீ. வாக்கில் நிற்கிறது. 180 செ.மீ. உயரமுள்ள ஒருவருக்கு அது 94 செ.மீ. அளவில் நிற்கும், ஆகவே அவருக்குக் கிடைக்கும் இடைவெளி உங்களுடையதைப்போல் இரு மடங்கு. நீளமான சீட் பைகளில் பெரும்பாலானவை அவரை மனத்தில் வைத்துத் தைக்கப்பட்டவை. நிரப்பிய நிலையில் அவற்றுக்கு 20 செ.மீ. அல்லது அதற்கும் மேல் வேண்டும். பையின் அட்டையில் லிட்டர் கணக்கு கொட்டை எழுத்தில் இருக்கும், எத்தனை செ.மீ. இடைவெளி வேண்டும் என்ற, உண்மையில் பயன்படுகிற ஒரே எண், எங்காவது அடிக்குறிப்பில் ஒளிந்திருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. 'எல்லாச் சைக்கிளுக்கும் பொருந்தும்' என்ற வரியைப் பார்த்தால் அந்தப் பையைக் கீழே வைத்துவிடுவது நல்லது. அப்படி எழுதியவர் உங்கள் அளவுச் சைக்கிளில் அதைக் கட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

சீட்டை உயர்த்தச் சொல்லும் ஆலோசனை எனக்கு எரிச்சலூட்டுகிறது. சீட்டின் உயரத்தை முடிவு செய்வது உங்கள் கால், பை அல்ல. சரியான உயரத்துக்கு மேல் 2 செ.மீ. ஏற்றினாலே பெடல் கீழே போகும் ஒவ்வொரு முறையும் இடுப்பு பக்கவாட்டில் ஆடும்; ஒரே நாளில் சீட் உறுத்தத் தொடங்கும், முழங்காலின் பின்பக்கம் வலிக்கும். அத்தனை துன்பத்துக்கும் ஈடாகக் கிடைப்பது அதே 2 செ.மீ. இடைவெளிதான்; 14 லிட்டர் பைக்கு அது போதவே போதாது.

சக்கர மாற்றம் இன்னும் நுட்பமான பொறி, ஏனென்றால் கேட்கும்போது நியாயமாகத் தோன்றுகிறது. 650பி சக்கரத்தின் ரிம் விட்டம் 584 மி.மீ.; அதில் 47 மி.மீ. டயர் போட்டால் மொத்தம் 678 மி.மீ. பழைய சக்கரத்தைவிட டயரின் உச்சி 24 மி.மீ. இறங்குகிறது, உண்மைதான். ஆனால் சக்கரத்தின் அச்சு 12 மி.மீ. இறங்கும்போது அதன்மேல் நிற்கும் ஃபிரேமும் சீட்டும் அதே 12 மி.மீ. இறங்கிவிடுகின்றன. கையில் மிஞ்சுவது 1.2 செ.மீ. அதற்காக இரண்டு சக்கரங்களும் இரண்டு டயர்களும் வாங்க வேண்டும். பெடல்களும் தரைக்கு 1.2 செ.மீ. நெருங்கி, கல் மேட்டில் இடிபடும். கரடான பாதைக்கு அகல டயர் வேண்டும் என்று நீங்களாக விரும்பி மாற்றினால் அது வேறு விஷயம். பைக்கு இடம் செய்வதற்காக மாற்றச் சொல்பவர் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை, அல்லது போட்டுப் பார்த்துவிட்டு உங்களிடம் சொல்லவில்லை.

கேரியருக்கு வருவோம். அதன் மேல்தட்டு டயருக்கு ஒரு விரல் அளவு மேலே நிற்கிறது. முக்கியமாக, சீட்டைத் தாண்டிப் பின்னால் நீள்கிறது. சீட்டுக்கு நேர் கீழே உங்களுக்கு உயரம் இல்லையே தவிர, சீட்டின் பின்னால் வானம் திறந்துதான் இருக்கிறது. தண்ணீர் புகாத உருளைப் பை ஒன்றைக் கேரியரின் பின்பாதியில் வைத்துக் கட்டினால் ஸ்லீப்பிங் பேக்கும் மாற்றுடையும் அதில் அடங்கிவிடும். பை ஆடாது, தொங்காது, டயரைத் தொடவும் வழியில்லை. சீட் பையில் இந்த மூன்று தொல்லைகளும் உண்டு. ஓட்ட ஓட்டப் பட்டை தளர்ந்து பை இறங்கும், டயர் அதன் அடியைத் தேய்த்து ஓட்டையாக்கும், பிறகு பட்டையின் வால் சக்கரத்தில் சிக்கும்.

உங்கள் ஃபிரேமில் பின்னச்சுக்கு அருகேயும், மேலே சீட்டுக்குக் கீழேயும் கேரியருக்கான மரைத் துளைகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். கிராவல் சைக்கிள்களில் பெரும்பாலும் இருக்கும், அவற்றில் 5 மி.மீ. போல்ட் பொருந்தும். சிறிய ஃபிரேமில் மேல்துளைகள் தாழ்வாக அமைந்திருப்பதால், கேரியரின் முன்கம்பிகள் நேராகப் போகாமல் கீழ்நோக்கிச் சாய வேண்டியிருக்கலாம். அதனால் பாதகமில்லை. நீளமான கம்பி வாங்கிப் பொருத்தி, மிஞ்சும் பகுதியை வெட்டிவிடலாம். கூர்மையாக மடக்கி வளைக்க மட்டும் விடாதீர்கள், மடங்கிய இடத்தில்தான் அது முறியும். மேல்துளை இல்லையென்றால், சீட் போஸ்ட்டை, அதாவது சீட்டைத் தாங்கும் குழாயை, இறுக்கிப் பிடிக்கும் சீட் கிளாம்பைத் துளையோடு வருவதாக மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். சீட் போஸ்ட்டில் மட்டும் கவ்விப் பின்னால் அந்தரத்தில் நிற்கும் கேரியரை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். சுமையோடு மேடு பள்ளத்தில் போகும்போது அது பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேரியரின் பக்கங்களில் பை தொங்கவிட விரும்பினால் பெரிய ஜோடி வேண்டாம். ஒவ்வொன்றும் 10 முதல் 12 லிட்டர் போதும். பின்சக்கரம் பெடலுக்கு நெருக்கமாக அமைந்த சைக்கிளில் பெரிய பை குதிகாலில் தட்டும். கொக்கிகளை எவ்வளவு பின்னுக்குத் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, பயணத்தில் போடப்போகும் ஷூவையே போட்டுக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றிப் பாருங்கள்.

கனமான பொருள்கள் ஃபிரேமின் முக்கோணத்துக்குள் போக வேண்டும். உங்கள் முக்கோணம் சிறியது. பாட்டில்களும் பையும் சேர்ந்து அதற்குள் நிற்காது. பையைத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் கருத்து. கருவிகள், சமைக்கும் எரிபொருள், உணவு, இவற்றோடு மடங்கக்கூடிய தண்ணீர்ப் பை ஒன்றையும் அதில் வைத்தால் பாரம் தாழ்வாகவும் நடுவிலும் இருக்கும். பாட்டில்களை ஃபோர்க்கின் இரு கால்களுக்கும் மாற்றலாம், ஆனால் அந்தக் காலில் மூன்று துளைகள் தயாரிப்பாளராலேயே போடப்பட்டிருந்தால் மட்டும். பல ஃபோர்க்குகளில் ஒரு காலுக்கு 3 கிலோ என்பதே வரம்பு. உங்களுடையதன் வரம்பைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். துளையில்லாத கார்பன் ஃபோர்க்கில் கிளாம்ப் போட்டு இறுக்கித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்தைவிட்டுக் கிளம்பிவிடுங்கள். கார்பன் குழாய் ஓரிடத்தில் நசுங்குவது வெளியே தெரியாது. இறக்கத்தில் போகும்போதுதான் தெரியும்.

ஃபோர்க்கில் எதை மாட்டினாலும் ஒரு சோதனை உண்டு. சிறிய ஃபிரேமில் 700 அளவுச் சக்கரம் போட்டால், மெதுவாகத் திரும்பும்போது ஷூவின் நுனி முன் டயரில் இடிக்கும். பெடலைக் கிடைமட்டத்துக்குக் கொண்டுவந்து, காலை அதில் வைத்தபடி ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். பாட்டிலோ பையோ காலில் பட்டால் அதை மேலே ஏற்றிப் பொருத்துங்கள். இது தீராத நோயல்ல. அமெரிக்காவில் ஜார்ஜினா டெர்ரி 1985-இல் தொடங்கிய நிறுவனம், குட்டையான பெண்களுக்காக முன்சக்கரத்தை மட்டும் சிறிதாக்கிச் சைக்கிள்களை விற்றது. அத்தனை ஆண்டுகளுக்கு முன்பே வழி தெரிந்திருந்தும், இன்றும் பல தயாரிப்பாளர்கள் நடுத்தர அளவு ஃபிரேமை வரைந்து, குழாய்களை மட்டும் குறுக்கி, அதே பெரிய சக்கரத்தை மாட்டி, 'மிகச் சிறியது' என்று ஒட்டுத்தாள் ஒட்டி அனுப்புகிறார்கள். விளம்பரப் படத்தில் பையோடு நிற்பது எப்போதும் பெரிய ஃபிரேம்தான்.

ஹேண்டில்பாரில் கட்டும் உருளைப் பைக்கும் உங்களிடம் இடம் குறைவு. ஃபிரேமின் முன்கழுத்து குட்டை என்பதால் பார் டயருக்கு நெருங்கியிருக்கும். வளைந்த பாரின் அகலமும் குறைவு என்பதால் நீளமான உருளை பிரேக் லீவர்களில் முட்டும். லீவர்களுக்கு இடையே உள்ள அகலத்தை அளந்து, அதைவிடச் சில செ.மீ. குறைவான உருளையைக் கட்டுங்கள். இலேசான, அமுங்கக்கூடிய பொருள்களை மட்டும் அதில் வையுங்கள். டெண்ட்டின் துணி அதில் போகலாம். கம்பிகள் போகாது, அவற்றைக் கேரியரோடு சேர்த்துக் கட்டுங்கள். பின்னால் பை உரசினால் பை கெடும். முன்னால் பை சரிந்து டயரைப் பிடித்தால் சக்கரம் நின்று நீங்கள் ஹேண்டில்பாருக்கு மேலாகத் தூக்கி எறியப்படுவீர்கள். ஆகவே கட்டிய பையை இரு கைகளாலும் கீழ்நோக்கி அழுத்தும்போதும் டயருக்கும் பைக்கும் நடுவே 5 செ.மீ. மிஞ்ச வேண்டும்.

உங்கள் சைக்கிளில் சஸ்பென்ஷன் இல்லை. இருந்தாலும் இதே கேள்வியோடு சஸ்பென்ஷன் உள்ள மலைச் சைக்கிளை வைத்திருப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் மேலே சொன்ன அளவுகளை அப்படியே எடுத்துக்கொண்டால் ஆபத்து என்பதால் விரித்துச் சொல்கிறேன். சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளில் நிற்கும்போது அளக்கும் இடைவெளி பொய்யான இடைவெளி. 120 மி.மீ. ஏறி இறங்கும் பின்சக்கரம் ஒரு பெரிய குழியில் விழுந்தால் அந்த 12 செ.மீ. முழுவதையும் விழுங்கிவிடும், நிற்கும்போது 18 செ.மீ. காட்டிய சைக்கிளில் அந்தக் கணத்தில் 6 செ.மீ.தான் இருக்கும். ஏறி உட்கார்ந்து அளந்தாலும் போதாது, ஏனென்றால் உடல் எடைக்கு அது அமுங்குவது மொத்தத்தில் ஏறத்தாழக் கால் பங்குதான். சரியான வழி, அதிர்வைத் தாங்கி அமுங்கும் பாகமான ஷாக்கில் உள்ள காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, சைக்கிளை அடிவரை அமுக்கிப் பிடித்து, அந்த நிலையில் இன்னொருவரை அளக்கச் சொல்வதுதான். சீட்டை ஓடும்போதே இறக்கும் டிராப்பர் போஸ்ட் இருந்தால், அதையும் கீழே இறக்கிவிட்டு அளக்க வேண்டும். பிறகு காற்றைப் பழைய அழுத்தத்துக்கே நிரப்ப வேண்டும் என்பதால் அந்த எண்ணை முன்பே குறித்து வையுங்கள். முன் ஃபோர்க்குக்கும் இதே முறைதான், 100 மி.மீ. அமுங்கும் ஃபோர்க் என்றால் ஹேண்டில்பார் பைக்கு அந்த 10 செ.மீ. இல்லவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் சஸ்பென்ஷன் உள்ள ஃபிரேமில் சாதாரணக் கேரியரையும் பொருத்தக் கூடாது. அதன் கீழ்க்கால் அசையும் பகுதியிலும் மேல்கம்பி அசையாத பகுதியிலும் மாட்டப்பட்டால் முதல் குழியிலேயே ஏதாவது ஒன்று முறியும். அசையும் பகுதியில் மட்டுமே அமரும்படி செய்த கேரியர்கள் தனியாக உண்டு, அவையும் சக்கரத்தோடு சேர்ந்து சீட்டை நோக்கி எழும் என்பதை மறக்கக் கூடாது.

இனி உங்கள் சைக்கிளுக்கே திரும்புகிறேன். எல்லாவற்றையும் கட்டியபின், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே முழுச் சுமையோடு கரடான பாதையில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். முதல் அரை மணியில் பட்டைகள் நிச்சயம் தளரும், நிறுத்தி இறுக்குங்கள். பட்டை வால்களைச் சுருட்டிச் செருகுங்கள். வீடு திரும்பியதும் கேரியரின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பாருங்கள். இளகியிருப்பதைக் கழற்றி மரை ஒட்டும் பசை தடவி மாட்டுங்கள். பயணத்தில் தினமும் காலையில் இதையே செய்யுங்கள், உதிரிக்கு இரண்டு போல்ட்டுகளைக் கருவிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.