எப்படிச் செய்தான் என்று கேளுங்கள்

அன்புள்ள ஐயா,

போன சனிக்கிழமை மதியம் நண்பர்களோடு கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமிக்குப் போனேன். அங்கிருந்து அப்படியே ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கும் போய்விட்டு வந்தோம். அறுபது, எழுபது படமாவது பார்த்திருப்பேன். ஒன்றும் பிடிபடவில்லை. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் படத்தில் எழுத்து மாதிரி ஏதோ இருக்கிறது, ஆனால் படிக்க முடியவில்லை. நவீன ஓவியம் என்பது படித்த பணக்காரர்களுக்கு மட்டும்தானா? தமிழனுக்கே இது அந்நியம் என்கிறான் என் நண்பன். எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம் என்று சொல்லுங்கள்.

க., தாம்பரம்

அன்புள்ள க.,

நண்பர் சொன்னதை விடுங்கள். சென்னை ஓவியக் கல்லூரி தொடங்கியது 1850இல். மெரினாவில் உழைப்பாளர் சிலையை வடித்த ராய் சௌத்ரி அதன் முதல்வராக இருந்தவர். அவரிடம் படித்த பணிக்கரும் பின்னாளில் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். உங்கள் நண்பர் பிறப்பதற்கு எவ்வளவோ முன்பே இந்த ஊரில் வேர்விட்ட விஷயம் இது.

என்னை உறுத்தியது அந்த ‘அறுபது, எழுபது’தான். விடுமுறை நாளில் ஓவியம் பார்க்கக் கிளம்பும் பிள்ளைகள் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அதனால்தான் கோபமும் வருகிறது. ஒரு மதியத்தில் இரண்டு இடம், எழுபது படம். ஒரு படத்தின் முன் ஒரு நிமிஷம் நின்றிருப்பீர்களா? அதிலும் பாதி நேரம் போனில் படம் எடுப்பதில் போயிருக்கும். அப்புறம் எங்கிருந்து பிடிபடும்?

‘இது என்ன சொல்கிறது’ என்று கேட்டுக்கொண்டே நடந்தால் எந்தப் படமும் வாய் திறக்காது. ‘இதை எப்படிச் செய்தான்’ என்று கேளுங்கள். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் என் தாய்மாமா. விருதுநகரில் போர்டு எழுதும் ஆர்ட்டிஸ்ட், எட்டாம் வகுப்பு வரைதான் படிப்பு. பள்ளி விடுமுறையில் அவருக்கு எனாமல் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சாக்பீஸ் தடவிய நூலை இழுத்து அடித்துக் கோடு போடுவார். மூச்சை அடக்கி ஒரே இழுப்பில் ‘ஸ்டோர்ஸ்’ என்ற சொல்லின் கொம்பை இறக்குவார். எழுதி முடித்ததும் பக்கவாட்டில் குனிந்து, வெளிச்சம் படும்படி போர்டைப் பார்ப்பார். பெயின்ட் எங்கே தடித்திருக்கிறது, எங்கே கை தயங்கியிருக்கிறது என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும்.

வயதான பிறகு கண் ஆபரேஷனுக்காகச் சென்னை வந்தவரை, ஊர் திரும்பும் முன் சோழமண்டலத்துக்குக் கூட்டிப்போனேன். பணிக்கர் 1963இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஒரு படம். நீங்கள் படிக்க முடியாமல் திணறிய அதே எழுத்துதான்: மலையாளம் போல நெளியும் வரிகள், ஜாதகக் கட்டங்கள், எண்கள். மாமா அதன் முன்னால் நின்றார், நகரவே இல்லை. போர்டைப் பார்ப்பது போலவே பக்கவாட்டில் குனிந்து பார்த்தார். “டேய், பிரஷ்ல பெயின்ட்டே இல்லாத மாதிரி இழுத்திருக்கான் பாரு. கை அழுத்தவே இல்ல. இது வரணும்னா எத்தனை வருஷம் எழுதியிருக்கணும்!” என்றார். என்ன எழுதியிருக்கிறது என்று கடைசிவரை அவர் கேட்கவில்லை. இது பணக்காரர்களுக்கானதா என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் இதைவிட நல்ல பதில் இல்லை.

நீங்கள் சுற்றிவந்த அந்தக் கிராமமே கைவேலையில் எழுந்ததுதான். ஓவியம் விற்றுப் பிழைக்க முடியாத காலம். பணிக்கரும் அவருடைய மாணவர்களும், மெழுகு தீட்டிச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில் நிலம் வாங்கி 1966இல் அங்கே குடியேறினார்கள். துணியில் மெழுகு தீட்டிய அதே கைகள்தான் அந்தப் படங்களையும் வரைந்தன. ஜானகிராமின் சிற்பங்களில் தகட்டைத் தட்டி எழுப்பிய தடம் இன்னும் தெரியும். 1973இல் இளம் வயதிலேயே செத்துப்போன ஓவியர் கே. ராமானுஜத்தின் மைச் சித்திரங்களை படத்தின் கண்ணாடிச் சட்டத்தில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய்ப் பாருங்கள். தூரத்திலிருந்து கறுப்பாகத் தெரிந்த இடமெல்லாம் கிட்டத்தில் மயிரிழைக் கோடுகளாகப் பிரியும். ஒரு கோட்டின் மேல் இன்னொரு கோடு, அதன் மேல் இன்னொன்று. அந்த மனிதன் எத்தனை ராத்திரி குனிந்து உட்கார்ந்திருப்பான்! அதை ஒரு விநாடி போனைத் தூக்கிக் காட்டிவிட்டு நகர்ந்தீர்கள் என்றால், மன்னிக்கவும், அது மரியாதை இல்லை.

புத்தகமெல்லாம் அப்புறம். சுவரில் ஒட்டியிருக்கும் ஆங்கில விளக்கத்தையும் கடைசியில் படித்துக்கொள்ளலாம். கூட்டம் இல்லாத ஒரு நாளில் தனியாகப் போங்கள். மூன்று படம் போதும். போன் பைக்குள்ளேயே இருக்கட்டும், ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பிடித்த படத்தின் ஒரு மூலையையாவது பார்த்து வரைய முயலுங்கள், எவ்வளவு மோசமாக வந்தாலும் சரி. வந்த பிறகு எனக்கு எழுதுங்கள். ஒரே ஒரு படத்தைப் பற்றி, அது எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று மட்டும் எழுதினால் போதும்.